செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட டிஸ்க்!

ராத்திரி ஒன்பதரை மணிக்கு திருப்பூரிலிருந்து மச்சினன் போன்.

"மாமா, லேப்டாப் டிஸ்க் செத்துப் போச்சுங்களாமா..."

தூரத்துச் சொந்தத்தில் யாருக்கோ துக்கம் சொல்கிற குரல். டி.வி. சத்தத்தைக் குறைத்தேன்.

"யாருப்பா சொன்னது?"

"கடைக்காரருங்க. புது எஸ்.எஸ்.டி. போடணுமாம். பழசுல இருக்கறத எடுக்கறதுக்குத் தனி ரேட்டாம். அதுவும் வந்தா வரும், வராட்டிப் போகும்ங்கறார்."

அன்றைக்குத் தேதி 18. மச்சினன் பகலில் பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். சாயங்காலத்தில் மூன்று சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறான். 20-ந் தேதிக்குள் அந்த மூன்று கடைகளுக்கும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டாக வேண்டும். மொத்த டேலி டேட்டாவும் அந்த லேப்டாப்பில்.

"பேக்கப் எடுத்து வெச்சிருக்கியா?"

"எடுத்திருக்கேனுங்க மாமா. டி டிரைவ்ல!"

நான் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். சி டிரைவ், டி டிரைவ் என்பதெல்லாம் ஒரே வீட்டின் இரண்டு ரூம்கள். வீட்டுக்கே தீப்பிடித்தால் பீரோ எந்த ரூமில் இருந்தால் என்ன?

இதற்குள் என் மனைவி போனைப் பிடுங்கினாள். அவள் ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்கவில்லை.

"டேய், அப்பா வீடியோ அதுலதானே இருக்கு?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

மாமனார் காலமாகி இரண்டு வருஷம். எங்கள் பெண்ணின் காதுகுத்தில் மைக்கைப் பிடித்து, பேச மாட்டேன் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஏழு நிமிஷம் பேசினார். எடுத்த போன் தொலைந்துபோய்விட்டது. மிச்சமிருந்த ஒரே காப்பி, அந்த லேப்டாப்பில்.

"நாளைக்குச் சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு கோயமுத்தூர் வந்துடு" என்றேன். "கடைக்காரரை எதையும் கழட்ட வேண்டாம்னு சொல்லு."

* * *

வந்தான். கேஸ் ஹிஸ்டரி கேட்டேன்.

விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது பொறுமையில்லாமல் பவர் பட்டனை அழுத்தியிருக்கிறான். அதிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்தால் 'ரிப்பேர் செய்கிறேன்' என்று சொல்லிச் சொல்லியே நின்றுவிடுகிறது. சரி, சி டிரைவை மட்டும் அழித்துப் புதிதாக விண்டோஸ் 11 போட்டுவிடலாம் என்று நண்பனிடம் பென்டிரைவ் வாங்கிப் போட்டிருக்கிறான். 'எங்கே போடட்டும்?' என்று கேட்க வேண்டிய ஸ்க்ரீனில், 'டிரைவ் எதையும் காணோம்' என்று வந்திருக்கிறது. சியும் இல்லை, டியும் இல்லை, சூன்யம்!

கடைக்காரரும் தன் பென்டிரைவைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அதே பதில். டெத் சர்ட்டிபிகேட் எழுதிவிட்டார்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஒரே சாட்சியை நம்பிவிட்டார், அவ்வளவுதான். அவரும் மச்சினனும் கவனிக்காமல் விட்ட தடயம் ஒன்று இருந்தது. ஆன் செய்ததும் 'ரிப்பேர் செய்கிறேன்' என்று வந்ததே, அந்த ரிப்பேர் புரோகிராம் எங்கே குடியிருக்கிறது? அதே டிஸ்க்கில்தான். செத்தவன் தினமும் காலையில் எழுந்து குட்மார்னிங் சொல்வானா சார்?

இரண்டு புத்தகம்

பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பேங்க் ரீகன்ஸிலியேஷன்! நம் கேஷ் புக்கில் ஒரு பாக்கி, பேங்க் பாஸ் புக்கில் வேறு பாக்கி. உடனே பணம் திருட்டுப் போய்விட்டது என்று யாரும் கத்துவதில்லை. ஏதோ ஓர் என்ட்ரி ஒரு புத்தகத்தில் இருக்கிறது, இன்னொன்றில் ஏறவில்லை என்று தேடுவோம்.

கம்ப்யூட்டரிலும் இரண்டு புத்தகங்கள் உண்டு. ஒன்று பயாஸ். மதர்போர்டிலேயே இருக்கிற புத்தகம். விண்டோஸ் வருவதற்கு முன்பே கண் விழித்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று அட்டெண்டன்ஸ் எடுப்பது இதுதான். இன்னொன்று விண்டோஸ், அல்லது நீங்கள் போடப்போகிற வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

பயாஸ் புத்தகத்தில் இருந்து விண்டோஸ் புத்தகத்தில் இல்லையென்றால், பொருள் உயிரோடு இருக்கிறது. அதனோடு பேசத் தெரிந்த டிரைவர் இல்லை, அல்லது ஏதோ ஒரு செட்டிங் குறுக்கே நிற்கிறது.

இரண்டிலுமே இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கலாம். அப்போதும் முதல் சந்தேகம் சாவு இல்லை. கேபிள் லூஸா, எஸ்.எஸ்.டி. ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எம்.2 எஸ்.எஸ்.டி.யில் என்.வி.எம்.இ., ஸாட்டா என்று இரண்டு ஜாதி உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கிற ஸ்லாட்டில் ஸாட்டாவைச் செருகினால், போர்டு அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. சில டெஸ்க்டாப் போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டில் ஒன்றைப் போட்டால், பக்கத்திலிருக்கும் ஒன்றிரண்டு ஸாட்டா போர்ட்டுகள் தாமாகவே ஆஃப் ஆகிவிடும். மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

மச்சினன் லேப்டாப்பை ஆன் செய்து எஃப்2 கீயைத் தட்டினேன். (சிலதில் டெலீட், சிலதில் எஃப்10. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.) பயாஸ் திறந்தது. ஸ்டோரேஜ் என்ற இடத்தில் எஸ்.எஸ்.டி.யின் மாடல் நம்பரும், 512 ஜி.பி. என்ற அளவும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தன.

"மாமா, இருக்குதுங்க!"

"இருக்கு. ஸெட்டப்புக்குத்தான் அறிமுகம் இல்லை."

ஓட்டர் லிஸ்ட் கதை

தேர்தல் அன்று பூத்தில் பார்த்திருப்பீர்கள். ஆள் நேரில் நிற்பார், கையில் கார்டு இருக்கும், லிஸ்ட்டில் பேர் இருக்காது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் அப்படித்தான். அது வெளியான தேதியில் கையிலிருந்த லிஸ்ட்டோடு வருகிறது. பிறகு பிறந்த பொருள்களின் பெயர் அதில் இருக்க நியாயமில்லை.

டாஸ் காலத்தில் லிஸ்ட்டே கிடையாது. சவுண்டு கார்டு வாங்கினால் 'முகவரி 220, ஐ.ஆர்.க்யூ. 5, டி.எம்.ஏ. 1' என்று நாமேதான் சொல்ல வேண்டும். ஒரு நம்பர் பிசகினால் கேம் ஊமைப் படம். 1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 வந்தபோது 'ப்ளக் அண்ட் ப்ளே' என்றார்கள். செருகு, விளையாடு. ஜனங்கள் அதை 'ப்ளக் அண்ட் ப்ரே' ஆக்கிவிட்டார்கள். செருகு, சாமி கும்பிடு! 1998 ஏப்ரலில் சிகாகோவில் விண்டோஸ் 98-ஐ மேடையில் டெமோ காட்டினார்கள். ஸ்கேனரைச் செருகியதும் நீலத் திரை! பக்கத்தில் பில் கேட்ஸ். சபையே சிரித்தது. அவருக்கே அந்த கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

2001-ல் வந்த எக்ஸ்.பி.க்கு அப்புறம் பிரபலமான ஸாட்டா ஏ.ஹெச்.சி.ஐ. முறை தெரியாது. ஸெட்டப் ஆரம்பித்த சில விநாடிகளுக்குள் எஃப்6 அழுத்தி, பிளாப்பியில் டிரைவர் கொடுக்க வேண்டும். லேப்டாப்பில் பிளாப்பி டிரைவே இருக்காது என்பது தனி வேடிக்கை. 2009-ல் வந்த விண்டோஸ் 7-க்கு யு.எஸ்.பி. 3 தெரியாது. 2015-க்குப் பிறகு வந்த பல போர்டுகளில் அதைப் போட்டவர்களுக்கு நினைவிருக்கும். பயாஸில் கீபோர்டு ஜோராக வேலை செய்யும், ஸெட்டப் ஆரம்பித்ததும் கீபோர்டும் மவுஸும் ஒரே நேரத்தில் உயிரை விடும். பழைய உருண்டைப் பின் கீபோர்டைத் தேடி எத்தனை பேர் பரணில் ஏறினார்கள்!

நம் கேஸுக்கு வருவோம். மச்சினனுடையது இன்டெல் 11-வது தலைமுறை பிராஸஸர். இது 2020-ல் வந்தது. அதிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்.எஸ்.டி. நேராக வாசலில் நிற்பதில்லை. வி.எம்.டி. என்று ஒரு மேனேஜருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. மேனேஜரோடு பேசத் தெரியாத ஸெட்டப், உள்ளே ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

இரண்டு வழி

ஒன்று, பயாஸில் போய் வி.எம்.டி.யை ஆஃப் செய்வது. ஒரே எஸ்.எஸ்.டி. உள்ள லேப்டாப்பில் புதிதாக விண்டோஸ் போடுகிறவர்களுக்கு இது போதும். ஆனால் ஒரு ஜாக்கிரதை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸை வைத்துக்கொண்டு இதைத் திருகினால் அடுத்த தடவை நீலத் திரைதான் வரும். பயப்படாமல் பழையபடி ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால், பயாஸில் கைவைத்த பிறகு 48 இலக்க நம்பர் கேட்டு மிரட்டும். அது உங்கள் மைக்ரோஸாஃப்ட் அக்கவுண்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, டிரைவரைக் கையில் கொடுப்பது. எதையும் கலைக்க வேண்டாம் என்று இதையே எடுத்தேன். லேப்டாப் கம்பெனியின் ஸைட்டில் மாடல் நம்பரைக் கொடுத்து, 'ரேபிட் ஸ்டோரேஜ்' டிரைவரை என் கம்ப்யூட்டரில் இறக்கி, பென்டிரைவில் போட்டு, ஸெட்டப்பில் 'லோட் டிரைவர்' பட்டனை அழுத்திக் காட்டினேன்.

'டிரைவர் எதுவும் இல்லை.'

மச்சினன் முகம் பழையபடி துக்க வீடு. மணி பத்தே கால்.

தப்பு என்னுடையது. நான் போட்டது இ.எக்ஸ்.இ. ஃபைல், அதாவது பார்சல் பெட்டி. ஸெட்டப்புக்குப் பெட்டியைப் பிரிக்கத் தெரியாது. அது தேடுவது ஐ.என்.எஃப். என்று முடிகிற ஃபைலை. 7-ஸிப் வைத்துப் பெட்டியைப் பிரித்து, உள்ளே வி.எம்.டி. என்று இருந்த ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் போட்டு, மறுபடி 'லோட் டிரைவர்'. இந்தத் தடவை 'இன்டெல் ஆர்.எஸ்.டி. வி.எம்.டி. கன்ட்ரோலர் 9ஏ0பி' என்று ஒரு வரி வந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, அடுத்தது கொடுத்தேன்.

இரண்டு விநாடி. டிரைவ் 0... பார்ட்டிஷன் 1, 2, 3, 4... வரிசையாக வந்து நின்றன.

மச்சினன் சந்தோஷத்தில் மவுஸைப் பிடித்தான். "ஃபார்மட் குடுத்தறட்டுங்களா மாமா?"

கையைத் தட்டிவிட்டேன்.

நோட்பேடில் ஒரு ரகசியக் கதவு

டிஸ்க் காணாமல் போனபோது இல்லாத ஆபத்து, கிடைத்த பிறகுதான் வருகிறது. அந்த ஸ்க்ரீனில் 'டெலீட்', 'ஃபார்மட்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு வரி மாற்றி அழுத்தினால் டேலியும் போச்சு, மாமனாரும் போனார். ஆகவே முதலில் காப்பி, அப்புறம்தான் விண்டோஸ்.

விண்டோஸே இல்லாமல் எப்படிக் காப்பி எடுப்பது? ஸெட்டப் ஸ்க்ரீனில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். (சில லேப்டாப்பில் எஃப்.என். கீயையும் சேர்க்க வேண்டும்.) கறுப்பு ஜன்னல் ஒன்று வரும். அதில் நோட்பேட் என்று டைப் அடித்தால் சாதாரண நோட்பேட் திறக்கும். ஃபைல், ஓப்பன் போய், கீழே 'எல்லா ஃபைல்களும்' என்று மாற்றினால், அந்தப் பெட்டியே ஒரு குட்டி எக்ஸ்ப்ளோரர். ரைட் கிளிக், காப்பி. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, அங்கே பேஸ்ட். ஸெட்டப்பில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம், டி என்பது இ ஆகியிருக்கலாம். எழுத்தை நம்பாமல் உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

முதலில் டேலி ஃபோல்டர். அடுத்தது போட்டோ. அப்புறம் 'காதுகுத்து' என்று ஒரு ஃபோல்டர்.

அந்த ஹார்டு டிஸ்க்கை என் கம்ப்யூட்டரில் மாட்டித் திறந்தேன். சமையலறையிலிருந்து மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள். "நான் பேச்சாளன் கிடையாதுங்க..." என்று மாமனார் ஆரம்பித்தார். ஏழு நிமிஷம் மூன்று பேரும் பேசவில்லை.

மிச்சக் காட்சிகள்

சி பார்ட்டிஷனை மட்டும் அழித்து விண்டோஸ் போட்டோம். அதோடு முடியவில்லை. டச்பேட் ஜடம். பல புது லேப்டாப்களில் டச்பேடுக்கும் 'சீரியல் ஐ.ஓ.' என்று தனி டிரைவர் வேண்டும். அதுவரைக்கும் ஒரு யு.எஸ்.பி. மவுஸைச் செருகிக்கொண்டால் போதும், டச்பேட் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம்.

அடுத்து விண்டோஸ் 11 'இன்டர்நெட் கொடு, அப்புறம் பேசு' என்றது. வைஃபை லிஸ்ட் காலி. வைஃபை டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் கதை! வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டி, யு.எஸ்.பி. டெதரிங் ஆன் செய்யுங்கள். அதற்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே உண்டு. நெட் வந்ததும் அப்டேட் பகுதியில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' போய்ப் பார்த்தால், காணாமல் போன பாதி டிரைவர்கள் அங்கே காத்திருக்கும்.

அதற்கும் மசியாதவை டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு 'அன்நோன் டிவைஸ்' என்று நிற்கும். பேர் தெரியாவிட்டாலும் ஜாதகம் தெரிந்துகொள்ளலாம். ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐ.டி. அதில் 'வி.இ.என்.' என்ற எழுத்துகளை ஒட்டி வரும் நம்பர்தான் கம்பெனி. 8086 என்றால் இன்டெல் (1978-ல் வந்த அவர்களுடைய பழைய சிப்பின் நம்பர்!). 10டிஇ என்றால் என்விடியா, 10இசி என்றால் ரியல்டெக், 1002 என்றால் ஏ.எம்.டி. அடுத்து வரும் 'டி.இ.வி.' நம்பர் பொருளின் மாடல். இரண்டையும் சேர்த்துத் தேடினால் அனாமதேயத்தின் பூர்வோத்தரம் வெளியே வந்துவிடும்.

இதே 'இல்லை' வியாதிக்கு இன்னொரு முகமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று பார்த்தால், 'டி.பி.எம். இல்லை, உங்கள் கம்ப்யூட்டர் லாயக்கில்லை' என்று சொல்லும். எடைக்குப் போடுவதற்கு முன் பயாஸைத் திறந்து பாருங்கள். இன்டெல்லில் பி.டி.டி. என்ற பெயரிலும், ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரிலும் அது ஆஃப் ஆகித் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆன் செய்தால் போதும். பிராஸஸர் இன்டெல் 8-வது தலைமுறைக்கு முந்தையது என்றால் மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது.

பர்ஸைத் திறக்குமுன் நாலு கேள்வி

1. பயாஸில் தெரிகிறதா? தெரிந்தால் பொருள் உயிரோடு இருக்கிறது.

2. தெரியவில்லையா? கேபிள், ஸ்லாட், ஜாதி சரிதானா என்று பாருங்கள். முடிந்தால் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால்தான் துக்கம்.

3. பொருள் புதுசா, ஸெட்டப் புதுசா? நண்பனின் பழைய பென்டிரைவை விட்டுவிட்டு, மைக்ரோஸாஃப்ட் ஸைட்டிலிருந்து புதிதாக இறக்கிப் பாருங்கள்.

4. டிரைவர் ஐ.என்.எஃப். ஆகப் பிரித்திருக்கிறதா, இன்னும் பார்சலாகவே இருக்கிறதா?

கடைக்காரரிடமும் சண்டை வேண்டாம். "பயாஸ்ல காட்டுதாண்ணே?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டால் போதும். நிஜமாகவே செத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அவரும் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

* * *

20-ந் தேதி மத்தியானம் மச்சினன் போன். குரலில் ஏகப்பட்ட உற்சாகம்.

"மூணு ரிட்டர்னும் போட்டாச்சுங்க மாமா! புது டிஸ்க்குக்கு ஆர்டர் போட வேண்டாம்னு கடைக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ரொம்ப சந்தோஷம். இனிமேலாவது ஒழுங்கா பேக்கப் எடு."

"நேத்து ராத்திரியே எடுத்துட்டேனுங்க மாமா. அப்பா வீடியோ, டேலி, எல்லாமே."

"சபாஷ்! எதுல?"

"டி டிரைவ்லதானுங்க!"